ஃப்ரெண்டுக்கு வந்த கொப்புளம்

மதியம் 2 மணிக்கு மேல் செல்லூர்ப் பக்கம் ஒரு மயக்கம் விழும். தறிச் சத்தம்கூடச் சோம்பலாகக் கேட்கும். எதிர் டீக்கடையில் பெஞ்சு காலியாகக் கிடக்கும். என் மருந்துக்கடையில் ஃபேனும் நானும்தான்.

அந்த நேரம் பார்த்து வருகிற பையன்களை எட்டத்திலேயே கண்டுகொள்வேன். பைக்கைக் கடை வாசலில் நிறுத்த மாட்டார்கள். நாலு கடை தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். "அக்கா, ஹால்ஸ் ரெண்டு." கொடுப்பேன். "ஓ.ஆர்.எஸ். இருக்கா?" அதையும் கொடுப்பேன். பிறகு கண்ணாடி அலமாரியில் இருக்கும் குழந்தை சோப்பை ரொம்ப அக்கறையாகப் பார்ப்பார்கள். அதற்குள் யாராவது பாட்டி பிரஷர் மாத்திரைக்கு வந்துவிட்டால் போச்சு. பையன் போனைக் காதில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிடுவான். பாட்டி போனதும் திரும்புவான். கடைசியில்தான் விஷயம் வரும்.

"அக்கா, ஒரு ஃப்ரெண்டுக்கு..."

21 வருஷமாகக் கடை நடத்துகிறேன். இந்த ஃப்ரெண்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மதுரையில் வெளியே சொல்ல முடியாத அத்தனை நோயும் இந்த ஒருத்தனுக்குத்தான் வந்திருக்கிறது. பாவம், எப்படித்தான் தாங்குகிறானோ.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இந்த மாதிரி விஷயத்துக்கு வருகிறவர் எவரும் எங்கள் தெருக்காரர் இல்லை. அனுப்பானடிப் பையன் செல்லூருக்கு வருவான். செல்லூர்ப் பையன் திருப்பரங்குன்றம் போவான். வைகைப் பாலத்தைத் தாண்டினால்தான் வாய் திறக்கும்.

போன பங்குனியில் ஒருத்தன் வந்தான். மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. பதினாறு, மிஞ்சினால் பதினேழு. ஹால்ஸ் வாங்கினான். பாக்கெட்டிலிருந்து கடைசிவரை பிதுக்கிச் சுருட்டிய ஒரு ட்யூபை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தான். "இதே மாதிரி இன்னொண்ணு."

படைக்குப் போடுகிற ட்யூப். எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒன்று கிடக்கும். படை, சொறி, அரிப்பு, அக்குள், தொடை இடுக்கு, எதற்கென்றாலும் அதுதான்.

"யாருக்குப்பா?"

"ஃப்ரெண்டுக்கு."

"சரி. உன் ஃப்ரெண்டுக்கு அரிப்பா, வலியா?"

அவன் யோசிக்கவே இல்லை. "வலி. பயங்கர வலி."

"கொத்தாக் கொப்புளமா வந்து உடைஞ்சுச்சா? காய்ச்சல்? தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கா? ஒண்ணுக்குப் போகும்போது எரியுதா?"

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். நான்காவது கேள்வியில் கண் கலங்கிவிட்டது. ஃப்ரெண்டுக்காக இவ்வளவு அழுகிற பையன் ஊரில் இருந்தால் நல்லதுதான். காலை அகட்டி நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த ட்யூபைப் போட்டதற்குப் பிறகு அதிகமானதா என்று கேட்டேன். ஆமாம் என்றான்.

அதிகமாகத்தான் ஆகும். அவன் சொன்னது ஹெர்பிஸ் மாதிரி இருந்தது, வைரசால் வருகிற கொப்புளம். அந்த ட்யூபில் இருப்பது ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று. வைரசுக்கு எதுவும் இல்லை. ஸ்டீராய்டு என்ன செய்யுமென்றால், அந்த இடத்தில் உடம்பு நடத்துகிற சண்டையை நிறுத்திவிடும். சிவப்பு குறையும், எரிச்சல் குறையும், ஒரு நாள் சுகமாக இருக்கும். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டால் வீடு அமைதியாகத்தானே இருக்கும். வைரஸ் பாட்டுக்குப் பரவும்.

இதைச் சொல்கிற தகுதி எனக்கு முழுசாக இல்லை. கடை தொடங்கிய முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் நானும் இந்த ட்யூபைக் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவள்தான். எங்கே, என்ன, எத்தனை நாளாக என்று கேட்டதில்லை. ஒரு நாளைக்குப் பத்து ட்யூப் போகும். 2018-ல்தான் இந்த ஸ்டீராய்டு களிம்புகளில் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசாங்கம் சேர்த்தது. சட்டம் வந்ததால் நான் திருந்தவில்லை. அதே வருஷம் என் வீட்டிலேயே அந்த நோய் வந்ததால் திருந்தினேன்.

என் அக்கா மகள். அப்போது அவளுக்கு 19 வயது, வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். (இதை அவள் படித்துப் பார்த்துவிட்டாள். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள், ஊரையும் படிப்பையும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.) சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எதிர்சேவைக்கு எல்லோரும் கிளம்பும்போது தலைவலி என்று படுத்துவிட்டாள். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார், வீட்டில் ஒருத்தரும் இல்லை, அவள் மட்டும் போர்வைக்குள். உடம்பு கொதித்தது.

என் அம்மாவுக்கு உலகத்தில் இரண்டே நோய்தான்: சூடு, குளிர். மதுரை வெயிலில் முதலாவதுதான் அதிகம். "நீர்க்கடுப்பு. சூடு பிடிச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தொப்புளில் விளக்கெண்ணெய், வெந்தயம் ஊறிய தண்ணீர், இளநீர், பிறகு நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுக்கு. எதுவும் கேட்கவில்லை என்றதும் குற்றவாளி மாறியது. "கூட்டத்துல கண்ட கக்கூஸ்ல போயிருப்பா."

ராத்திரி எனக்கு விழிப்புத் தட்டியது. பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம். பக்கெட்டில் மக்கு முங்குகிறது, ஊற்றுகிறது, மறுபடி முங்குகிறது, ஊற்றுகிறது. இருபது தடவை இருக்கும். நடுநடுவே மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம். ஒண்ணுக்குப் போகும்போது மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால்தான் எரிச்சல் தாங்கும் என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். பிற்பாடு டாக்டரும் அதையேதான் சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது. நான் மருந்து விற்பவள், கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன், தட்டவில்லை.

காலையில் பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக். ஹாலில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்க, டோக்கன் எழுதுகிற பெண் கேட்டாள்: "என்ன பிரச்சினை? கல்யாணம் ஆயிருச்சா?" டாக்டர் உள்ளே பரிசோதிக்கவில்லை. யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஆன்டிபயாடிக் எழுதினார். கிளம்பும்போது, "நல்ல வீட்டுப் புள்ள, பயப்படாதீங்க, வேற எதுவும் இருக்காது" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னார். அவள் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் அவளைப் பிடித்தேன். 'எப்படி வந்துச்சு, யாரு, எத்தனை நாளா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "யாராச்சும் உன்னை மிரட்டினாங்களா? உனக்கு இஷ்டமில்லாம எதுவும் நடந்துச்சா?" இல்லை என்று தலையாட்டினாள். "சரி. வா, வேற டாக்டரைப் பாப்போம்." அவ்வளவுதான். இன்றுவரை வேறெதுவும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டே ஆக வேண்டும். அதைக் கேட்காமல் விடுவது தப்பு. மற்றதெல்லாம் நம் ஆர்வம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் தோல், பால்வினை நோய்ப் பிரிவு. வாசலில் அந்தப் போர்டைப் பார்த்ததும் துப்பட்டாவை முகத்தோடு சுற்றிக்கொண்டாள். உள்ளே இருந்த பெண் டாக்டர் முதலில் செய்த காரியம் என்னை வெளியே போகச் சொன்னது. பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார். அவள் அழுது முடித்திருந்தாள். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை: "இது ஹெர்பிஸ். உயிருக்கு ஆபத்து இல்ல. திரும்ப வரலாம், ஆனா இந்த அளவுக்கு வலிக்காது. மாத்திரை இருக்கு. கல்யாணம் பண்ணலாம், குழந்தை பெத்துக்கலாம்."

அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. என் கடையில் மூன்றாவது தட்டில், இடது ஓரத்தில் வருஷக்கணக்காக இருக்கிற மாத்திரை. நான் அதை அம்மை போட்டவர்களுக்கும் அக்கிக்கும் கொடுத்துப் பழகியவள். கூடவே சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். புண் என்று வந்தால் இதையும் பார்த்துவிட வேண்டும் என்றார். சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, தானாக ஆறியும் போகும், ஆள் ஏமாந்துவிடுவார். வலிக்கிற புண்ணாவது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறது.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறது. "என்னாவாம்?"

"கொப்புளம்மா" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று முழித்தேன். அம்மாவே முடித்துவிட்டது. "அக்கியா? அதை முதல்லயே சொல்ல வேண்டாமா! விளாச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயி எழுதிட்டு வந்துருவோம்."

அக்கி எழுதுவது தெரியாதவர்களுக்கு: உடம்பில் ஒரு பக்கமாகப் பட்டை போட்ட மாதிரி கொப்புளம் வந்தால், எங்கள் பக்கம் வேளார் வீட்டுக்குத்தான் போவோம். மண்பாண்டம் செய்கிறவர். காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேலும் சுற்றியும் எழுதுவார். விளாச்சேரியில் கொலு பொம்மையும் சாமி சிலையும் செய்கிற கைகள்தான் அதைச் செய்யும். என் தாத்தாவுக்கு இடுப்பில் எழுதியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. காவியால் ஆறியதா, தானாக ஆறியதா என்று தாத்தாவிடம் கேட்டிருந்தால் அடித்திருப்பார். அக்கி தானாகவே ஆறக்கூடியதுதான். ஆறிய பிறகும் சிலருக்கு, வயதானவர்களுக்கு முக்கியமாக, வலி மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். அந்த வலியோடு என் கடைக்கு வருகிறவர்கள் உண்டு.

நான் அம்மாவை மறுக்கவில்லை. விளாச்சேரிக்கு வேண்டாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அன்று சாயங்காலமே வீட்டு நிலவரம் மாறிப்போனது. வாசலில் வேப்பிலை. பக்கத்து வீட்டு அத்தை நுங்கு வாங்கிக்கொண்டு வந்தார். மாமா பதநீர் தேடி அலைந்தார். மூன்று நாளாகச் 'சும்மா படுத்துக் கெடக்கா' என்று பேச்சு வாங்கியவளுக்கு ராஜ உபசாரம். அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. கடைசிவரை பேத்திக்கு வந்தது அக்கிதான்.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதுதான் இத்தனை வருஷமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னம்மை, அக்கி இரண்டையும் உண்டாக்குவது ஒரே வைரஸ். உதட்டில் காய்ச்சலுக்குப் பிறகு வருகிற கொப்புளமும், இவளுக்கு வந்ததும் இன்னொரு வைரஸ். இரண்டும் ஒரே குடும்பம், பங்காளிகள் மாதிரி. இரண்டுமே வந்தால் போகாது. நரம்பின் வேரில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும், உடம்பு தளர்ந்தால் எழுந்து வரும். இரண்டுக்கும் அதே மாத்திரைதான், அளவுதான் வேறு. ஒரு பங்காளி இடுப்பில் வந்தால் நுங்கும் வேப்பிலையும். இன்னொரு பங்காளி ஒரு சாண் கீழே வந்தால் 'கல்யாணம் ஆயிருச்சா?'

சில தமிழ்ப் புத்தகங்களில் இந்த நோயைப் 'பிறப்புறுப்பு அக்கி' என்று எழுதுகிறார்கள். மருத்துவப்படி அது குழப்பமான பெயர், இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இருந்தாலும் எனக்குப் பிடிக்கும். ஊரில் இதற்கு வேறு பெயர்கள் என்ன இருக்கின்றன? மேகநோய், வெட்டை, பொம்பளச் சீக்கு. கடைசிப் பெயரைப் பாருங்கள். ஆம்பளைக்கு வந்தாலும் பழி பொம்பளைக்கு. பொம்பளைக்கே வந்தால் அவள் எந்தப் பெயரைச் சொல்லி டாக்டரிடம் போவாள்?

டாக்டர் அன்று படம் போட்டுக் காட்டியதையும், பிறகு நானாகப் படித்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரசில் 1, 2 என்று இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டோடு இருப்பது. உலகத்தில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நிறையப் பேருக்குச் சின்ன வயதிலேயே, பெரியவர்கள் கொஞ்சும்போது வந்திருக்கும். இரண்டாவது வகைதான் பெரும்பாலும் உடலுறவால் பரவுவது. ஆனால் உதட்டு வைரசும் வாய் வழியாகக் கீழே போகும். இளவயதினரிடம் அப்படி வருவது பல நாடுகளில் கூடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 15 முதல் 49 வயதுக்குள் உலகத்தில் 84 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிறப்புறுப்பில் இந்தத் தொற்று இருக்கிறது என்று 2020-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு சொல்கிறது. ஐந்தில் ஒருவருக்கு மேல். எங்கள் தெருவில் எதிரும் புதிருமாக இருக்கிற வீடுகளை எண்ணிப் பார்த்தேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன், அது அசிங்கமான வேலை.

அவர்களில் பெரும்பாலானோருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. கொப்புளமே வராது, அல்லது உராய்ந்த புண் என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் தோலில் எந்தக் குறியும் இல்லாத நாளிலும் வைரஸ் மேலே வந்துபோகும், அப்போதும் தொற்றும். 'எவன் கொடுத்தான், எவள் கொடுத்தாள்' என்று துப்பறிவது அதனால்தான் வீண். கொடுத்தவருக்கே தெரிந்திருக்காது. ஒட்டினால் பொதுவாக 2 நாள் முதல் 12 நாளுக்குள் கொப்புளம் வரும். ஆனால் எப்போதோ ஒட்டியது வருஷம் கழித்து முதன்முறையாகக் கொப்புளமாக வருவதும் உண்டு. இதைத் தெரியாமல் உடைந்த காதல் எத்தனையோ, கல்யாணம் எத்தனையோ.

கக்கூஸ் பீங்கானில் ஒட்டாது. அம்மாவின் சந்தேகத்துக்குப் பதில் அதுதான். துண்டு, சோப்பு, நீச்சல் குளம், எதிலிருந்தும் வராது. தோலோடு தோல் படவேண்டும். காண்டம் ஆபத்தைக் குறைக்கும். மூடாத இடத்தில் கொப்புளம் இருந்தால் அது காப்பாற்றாது. கொப்புளம் இருக்கிற நாளிலும், வரப்போகிறது என்று அந்த இடம் ஊறலாகச் சுருக் சுருக்கென்று சொல்கிற நாளிலும் விலகியிருப்பதுதான் வழி. இந்தப் புண் இருக்கிறவருக்கு எச்.ஐ.வி. தொற்றுகிற வாய்ப்பும் இரண்டு மூன்று மடங்கு கூடும். தடுப்பூசி கேட்டு வருகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குப் போடுகிற எச்.பி.வி. ஊசி இதற்கில்லை, அது வேறு வைரஸ், வேறு காரியம். இதற்கு இன்னும் ஊசி கிடையாது.

மாத்திரையைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இருக்க முடியவில்லை, தொழில் புத்தி. அசைக்ளோவிர் உடம்புக்குள் போனதும் சும்மாதான் சுற்றிக்கொண்டிருக்கும். வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனால் மட்டும், அந்த வைரசே வைத்திருக்கிற ஒரு நொதி இதைத் தட்டி எழுப்பிவிடும். எழுந்ததும் அந்த வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கிற வேலையையே இது நிறுத்திவிடும். திருடன் கையில் இருக்கிற சாவியாலேயே அவனைப் பூட்டுகிற வித்தை. இது பிறந்தது ஜெர்ட்ரூட் எலியன் என்கிற பெண்மணியின் ஆய்வுக்கூடத்தில். 1988-ல் மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. முறைப்படி முனைவர் பட்டம் முடிக்காதவர். அந்த மாத்திரையை எண்ணிக் கத்தரிக்கும்போது சில நாள் அவரை நினைத்துக்கொள்வேன். நரம்பு வேரில் தூங்குகிற வைரசை இதனாலும் தொட முடியாது, அதனால்தான் திரும்ப வருகிறது. களிம்பாகவும் விற்கிறார்கள். உதட்டுக்குக் கொஞ்சம் உதவும். கீழே வந்ததற்குக் களிம்பால் சொல்லும்படி பலனில்லை. விலை குறைவென்று பையன்கள் அதைத்தான் கேட்பார்கள்.

அக்கா மகளுக்கு முதல் தடவை முழுசாக ஆற மூன்று வாரம் ஆனது. அந்த வருஷம் மறுபடி நாலு தடவை வந்தது. இரண்டு தடவை செமஸ்டர் பரீட்சை நேரம். ஒரு தடவை சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகு. ஒவ்வொன்றும் ஐந்தாறு நாள். அடுத்த வருஷம் இரண்டு. இப்போது வருஷத்துக்கு ஒன்று வந்தால் உண்டு. சுருக்கென்றதும் மாத்திரையைத் தொடங்கிவிடுவாள். மாதவிலக்கு வலிக்கு எப்படி லீவு போடுவாளோ அப்படித்தான் இதையும் பேசுகிறாள். அந்த நிலைக்கு வர மூன்று வருஷம் பிடித்தது. நடுவில் ஒரு மாதம் எங்கள் யாரிடமும் பேசவில்லை. எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. அந்த மாதம் அவளோடு பேசியது ஒரு மனநல ஆலோசகர். இப்போது என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அப்போது அது கிடையாது.

எதிர்த்திசையிலும் ஒரு கூத்து உண்டு. ஒரு காலேஜ் பையன் லேப் ரிப்போர்ட்டோடு வந்து கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். கொப்புளம் எதுவும் வந்ததில்லை. போனில் எதையோ பார்த்துப் பயந்து, தானாகவே ஆன்லைனில் காசு கட்டி ரத்தம் கொடுத்திருக்கிறான். முதல் வகைக்கு ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. இரண்டும் வைரசை எதிர்க்க உடம்பு ரத்தத்தில் உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருள்கள். வாழ்க்கையே போச்சு என்றான். ஐ.ஜி.எம். பரிசோதனை இந்த நோய்க்கு நம்பத் தகுந்ததே இல்லை, தப்பாகப் பாசிட்டிவ் காட்டும். முதல் வகை ஐ.ஜி.ஜி. என் ரத்தத்தில் பார்த்தாலும் அநேகமாக இருக்கும், டோக்கன் எழுதுகிற பெண் ரத்தத்திலும் இருக்கும். "உங்க அப்பத்தா உன்னைக் கொஞ்சியிருக்காங்க தம்பி, அதான் இது" என்றேன். சிரிக்கவில்லை. கொப்புளமே இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனை எழுத மாட்டார்கள். கொப்புளம் வந்தால் அதிலிருந்து திரவம் எடுத்துப் பார்ப்பதுதான் முறை என்று ஒரு மணி நேரம் பேசி அனுப்பினேன். அந்த நேரத்தில் வந்த பாட்டிகள் எல்லாம் அவனுக்கு என்னவோ ஏதோவென்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இவனாவது லேபுக்குப் போனான். பலர் போவது லாட்ஜுக்கு. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நோட்டீசைப் பார்க்காத மதுரைக்காரர் இல்லை. மாதத்தில் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், மேகநோய் வேரோடு நீக்கப்படும், ரகசியம் காக்கப்படும். கடைசி வார்த்தைக்குத்தான் கூட்டம். அவர் கொடுக்கிற லேகியத்தைத் தின்று மூன்று வாரத்தில் புண் ஆறும். தின்னாமல் இருந்தாலும் மூன்று வாரத்தில்தான் ஆறும். அடுத்த தடவை வரும்போது, பத்தியம் முறித்துவிட்டாய் என்பார், அடுத்த டப்பா. ஒரு பையன் செயினை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறான். ரகசியம் காக்கப்பட்டது, உண்மைதான். அரசாங்க ஆஸ்பத்திரியிலும் காக்கிறார்கள், காசு வாங்காமல். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பால்வினை நோய்களுக்கு வண்ணம் வண்ணமாக மருந்துப் பை வைத்திருக்கிறார்கள். ஹெர்பிஸ் புண்ணுக்குச் சிவப்புப் பை, அதே அசைக்ளோவிர் ஏழு நாளுக்கு. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். கூச்சமாக இருந்தால் 1097-க்கு இலவசமாகப் போன் பண்ணிக் கேட்கலாம். இதையெல்லாம் மஞ்சள் நோட்டீசாக அடித்து அதே கழிப்பறையில் ஒட்டினால் என்னவாம்?

அந்தப் பதினாறு வயதுப் பையனுக்கு வருகிறேன். அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது சொல்வதைப் போலச் சுலபம் இல்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் 2012-ன் போக்சோ சட்டம் குறுக்கே வருகிறது. ஆணோ பெண்ணோ, அந்த வயதில் சம்மதம் என்ற பேச்சே இல்லை. தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், டாக்டருக்கும் அந்தக் கடமை உண்டு. சின்னப் பிள்ளைக்கு அந்த இடத்தில் கொப்புளம் என்றால் யாரோ கை வைத்திருக்கலாம் என்ற கேள்வி முதலில் வந்தே தீரவேண்டும், அதற்கு அந்தச் சட்டம் இல்லாமல் முடியாது. ஆனால் பதினேழு வயதில் காதலித்த இரண்டு பேரும் அதே வலையில்தான் விழுகிறார்கள். 16-க்கு மேற்பட்டவர்கள் விஷயத்தில் மறுபடி யோசிக்கலாம் என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது, சட்டம் மாறவில்லை. விளைவு, பையன்கள் என் கடைக்கு வருகிறார்கள். பெண் பிள்ளைகள் கடைக்கும் வருவதில்லை.

கல்யாணம் ஆகிவிட்டால் மட்டும் வருவார்கள், மாமியாரோடு. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்த சிறுசுகளை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 முடியும் முன்பே தாலி கட்டிக்கொண்டவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு. அவளுக்குக் கொப்புளம் வந்தால் டோக்கன் எழுதுகிறவர் கேட்கிற கேள்விக்கு 'ஆயிருச்சு' என்று பதில் இருக்கிறது. 'வந்த இடத்துல சீக்கோட வந்திருக்கா' என்று மாமியார் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். மகன் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பம். முதன்முறையாகத் தொற்று வருவது பிரசவத்துக்குக் கிட்டத்தில் என்றால்தான் குழந்தைக்கு ஆபத்து அதிகம். டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், மாத்திரை கொடுப்பார்கள், வலி வரும்போது புண் இருந்தால் ஆபரேஷன் பண்ணி எடுப்பார்கள் என்றேன். மாமியார் என்னை முறைத்துவிட்டு, வந்த காரியத்தை மறக்காமல் கால்சியம் மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

பங்குனியில் வந்த பையனுக்கு ட்யூப் கொடுக்கவில்லை. பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: பெரியாஸ்பத்திரி, தோல் பால்வினை நோய்ப் பிரிவு, காலையில் போக வேண்டும். 1097. வலிக்குப் பாராசிட்டமால் ஒரு ஸ்ட்ரிப். கொப்புளத்தைக் கிள்ளாதே, உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவு, கையைச் சோப்புப் போடு, கண்ணைத் தொடாதே. "உன் ஃப்ரெண்டுகிட்ட ஒண்ணு மட்டும் கேளு. பெரியவங்க யாராச்சும் அவனை மிரட்டி ஏதாவது பண்ணாங்களான்னு. அப்படின்னா 1098-க்கு, அது பிள்ளைங்களுக்கான உதவி எண், போன் பண்ணச் சொல்லு, இல்ல இங்க வரச் சொல்லு, நான் கூட வர்றேன்." அவன் பில்லை எட்டாக மடித்தான். "இல்லக்கா, அப்படியெல்லாம் இல்ல... இல்லன்னு சொன்னான்." திரும்பிப் பார்க்காமல் போனான். ஹால்ஸ் இரண்டும் கண்ணாடிமேலேயே கிடந்தது. போனானா இல்லையா, இன்றுவரை தெரியாது.

அக்கா மகளுக்கு இந்த வருஷம் வரன் பார்க்கிறார்கள். தேனிப் பக்கத்து மாப்பிள்ளை, இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய்விட்டது. "சொல்லணுமா சித்தி?" என்று கேட்டாள். சொல்ல வேண்டும் என்றேன். பஜ்ஜி தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது இல்லை, தாலிக்குப் பிறகும் இல்லை. அவள் அம்மா, என் அக்கா, ஒரே குதியாகக் குதித்தாள். "நீதான் அக்கின்னு சொன்னே, இப்பவும் அக்கின்னே சொல்லிட்டுப் போயேன்." அக்காவுக்கும் எனக்கும் இரண்டு வாரம் பேச்சில்லை.

அவள் அவனைத் தெப்பக்குளத்துக்கு வரச் சொல்லி, படிக்கட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். என்ன வைரஸ், எப்படிப் பரவும், என்ன மாத்திரை, குழந்தை விஷயம், எல்லாம். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டானாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தானாம். இன்றோடு ஒன்பது நாள்.

நேற்று ராத்திரி போன் பண்ணினாள். அவனைப் பற்றிப் பேசுவாள் என்று ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். ஆபீசில் ஆடிட்டாம், தூக்கமில்லையாம், காலையிலிருந்து சுருக் சுருக்கென்கிறதாம். "சித்தி, ஸ்ட்ரிப்ல மூணுதான் இருக்கு. கூரியர்ல போட்டு விடுறியா? போன தடவை மாதிரி எக்ஸ்பயரி பாக்காம அனுப்பிறாத."